கச்சான்

குச்சவெளியில் வெளிக்கிட்டபோது
கடலுக்கு இன்னும் நிறம் வந்திருக்கவில்லை.
நஸ்லூனாவின் சைக்கிள் மகனுடையது.
பதினெட்டுக் கியர் என்று பெயர்,
வேலை செய்வது ஒன்று.
"இந்தப் பக்கத்துக்கு ஒன்டு காணும்.
ஏறவா இரிக்கி, இறங்கவா?" என்றாள்.
என்னுடையது தபால்கந்தோர் ஏலத்தில் எடுத்த சிவப்புச் சைக்கிள்.
பிரேக் பிடித்தால்
யாரோ தொண்டையைச் செருமுவது போல் இருக்கும்.

அவசரம் ஒன்றும் இல்லை.
அவளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை.
எனக்கு, எடுக்காமல் கிடந்த லீவு நாலு நாள்.
இடப்பக்கம் பற்றை, வலப்பக்கம் மணல்,
நடுவே நூல் பிடித்துக் கீறிய தார்ரோட்டு.
பழைய சென்றி ஒன்றுக்குள் மாடு படுத்திருந்தது.
அடையாள அட்டை கேட்கவில்லை,
அசைபோட்டபடியே எங்களைப் போக விட்டது.

களப்புக்கு முன்னால் ஒரு பலகை,
மூன்று மொழியிலும் துரு.
தமிழில், சரணாலயம்
'சரனாலயம்' ஆகியிருந்தது.
"மூணு சுழியில ஒன்டக் காணல்ல,
கொக்குக் கொத்திட்டுப் போயிரிக்கும்."
சொல்லிவிட்டு, தமிழ் படிப்பிக்கிறவள்
கைப்பைக்குள் சிவப்புப் பேனையைத் தேடினாள்.

தார் முடிந்து கிரவல்.
தண்ணீர் வற்றிப் பின்வாங்கிய இடமெல்லாம்
உப்புப் பொருக்கு, சில்லுக்கடியில்
அப்பளம் நொறுங்குகிற சத்தம்.
தூரத்தில் கூழைக்கடாக்கள்
கரவலைக்காரரைப் போல அரைவட்டமாய் நின்று
மீனைக் கரைக்கு ஒதுக்கின.
எங்களைப் பார்த்ததாய்க் காட்டிக்கொள்ளவில்லை.

ஓட்டம் என்றால் அப்படி ஓட்டம்.
தொடை நோகவில்லை, மூச்சு வாங்கவில்லை.
நாற்பத்தாறு வயது என்று ஆர் சொன்னது?
கொஞ்ச நேரம் இரண்டு கையையும் விட்டுக்கூட ஓடினேன்.
"அடுத்த லீவுக்கு முல்லைத்தீவு," என்றேன்.
"அதுக்கடுத்து யாழ்ப்பாணம்," என்றாள்.
எங்கள் கால்களை நாங்களே
ஒரு மணித்தியாலம் புகழ்ந்துகொண்டு போனோம்.

மதகொன்றில் குந்தி
கச்சான் பைக்கற்றைப் பிரித்தோம்.
உடைத்த தோல் கீழே விழவில்லை.
எழும்பியது, பாதையில் இறங்கியது,
சின்னச் சின்ன வள்ளங்களாய்
வடக்கே ஓடியது
பெடல் இல்லாமல், எங்களைவிட வேகமாய்.
நஸ்லூனா மெல்லுவதை நிறுத்தினாள்.
ஹாண்டிலில் காயப்போட்ட துவாயைப் பார்த்தேன்.
அதுவும் வடக்கைத்தான் காட்டிக்கொண்டு நின்றது.
"கச்சான்," என்றாள் மெதுவாய்.
பைக்கற்றை நீட்டினேன்.
"அது இல்ல புள்ள. மத்தது."

திரும்பினோம்.
மேடே இல்லாத நிலத்தில்
மேடு காற்றாய் நிற்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.
கழுத்துச் சால்வை பின்னால் இழுத்தது.
பேசினால் பல்லில் மணல்.
பதினெட்டுக் கியரையும் திட்டித் தீர்த்தபின்
இறங்கித் தள்ளினோம்,
இரண்டு பிடிவாதக் கழுதைகளை
இரண்டு பிடிவாதக் கழுதைகள் போல.

அந்த வேகத்தில் வந்தபடியால்தான்
ஆட்காட்டி எங்களைக் கண்டது.
தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தி
ஆருக்கோ காட்டிக்கொடுத்தது.
ஆள் என்று ஒருவரும் இல்லாத வெளி.
நஸ்லூனா என் சீட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

முன்னால், கிரவல் கல்லோடு கல்லாய்
நாலு முட்டை.
கூடு என்று ஒரு துரும்பும் இல்லை.
பக்கத்தில், ஒரு சாண் தள்ளி,
பாதி அழிந்த சில்லுத் தடம் இரண்டு.
காலையில் போனது.
கையை விட்டு ஓடிய இடம் அதுவாய்த்தான் இருக்க வேண்டும்.

ஒன்றும் பேசவில்லை.
சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்து
சேற்றுக்குள் இறங்கிச் சுற்றிப் போனோம்.
நெடுநேரம் அது கத்திக்கொண்டே வந்தது.
பிறகு நம்பிவிட்டதோ, களைத்துவிட்டதோ,
விட்டுவிட்டது.

வெயில் சாய்ந்தபோது போன் அடித்தது.
மகன். இன்னும் எவ்வளவு தூரம் உம்மா?
"தூரம் அதேதான்," என்றாள் நஸ்லூனா,
செருப்பிலிருந்து சேற்றை வழித்தபடி.
"காத்துத்தான் கூட."