வடக்கெல்லை: பங்குச்சுவர்

குறுக்குத்தெருவில் விழாமல் மிஞ்சியது
ஒரு சுவர்.
முருகைக்கல், சுண்ணாம்பு, ஒரு சாண் தடிப்பு.
இந்தப் பக்கம் பூலோகசிங்கத்தின் அரிசிக்கடை,
அந்தப் பக்கம் றைசுதீனின் தையற்கடை.
இரண்டும் ஒரே இரவில் எரிந்தன.
யார் வைத்த தீ என்று
என் படிவம் கேட்கவில்லை.

நான் நகரசபை ஆள். நாடா பிடிப்பவள்.
காலை ஏழரைக்கு
நாடாவின் மறுநுனியை மிதித்துக்கொண்டு
ஒரு புள்ளிமான்
சீமெந்துப் பையின் கடதாசியைத் தின்றது.
தின்று முடியும்வரை நின்றேன்.

துளைகள்: பதினொன்று.
உரிமையாளர் பெயர்: ஒரு கோடு.
ஒரு கோட்டில் ஒரு பெயர்தான் என்றார்
கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர்.

வவுனியாவிலிருந்து நவமணி வந்தார்,
கறையான் பாதி தின்ற உறுதியோடு.
கிண்ணியாவிலிருந்து றைசுதீனின் மகன்,
ஒரேயொரு பழைய கரண்ட் பில்லோடு.
சுவரில் சாய்த்துப் பதினாலு வருஷமாய்
வாழைப்பழம் விற்கிற சோமலதா
ஒன்றும் கொண்டுவரவில்லை.
தார்ப்பாயின் கயிற்றை
இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள்.

ஒருவரோடொருவர் பேசவில்லை.
நான் ஏணியில் ஏறித்
துருவேறிய ஆணியொன்றைத் தட்டினேன்.

“கப்பலாணி” என்றார் நவமணி.
“டொக்யாட்டில அப்பா எடுத்தது.
கலண்டர் கொழுவ அடிச்சவர்.”

சுவருக்கு அப்பாலிருந்து குரல்:
“முனை இங்கால வந்திட்டு.
வாப்பா மூணு நாள் சண்டை.
பொறகு அதிலதான்
பெரிய கத்தரிக்கோலக் கொழுவினாரு.”

சோமலதாவுக்கு யாரோ சொல்லிக் கொடுத்தார்கள்.
சிரித்துக்கொண்டு காட்டினாள்:
அவளுடைய கயிறும் அந்த ஆணியில்தான்.

வரைபடத்தில் சுவர் இல்லை.
வெளிர்மஞ்சளில் ஒரே மாதிரி முகப்புகள்,
நடுவில் வாகனத் தரிப்பிடம்.
நான் பென்சிலால்
மெல்லிய கோடொன்று போட்டு வைத்தேன்.
அழித்தால் அழிக்கட்டும்.

மூன்றாம் கிழமை
கூரை மரம் கூட வரவில்லை;
அதற்குள் சத்தம் தெருமுனைவரை கேட்டது.
“பீலித் தண்ணி எங்கட பக்கம் விழப்படாது!”
“அந்தக் காலத்திலயும் உங்கட பக்கம்தானே விழுந்தது!”
“அந்தக் காலத்திலயும் நாங்க ஏசினதான்!”

நான் குறுக்கே போகவில்லை.
சோமலதா எனக்கொரு கதலி தந்தாள்,
காசு வாங்கவில்லை.
தோலுக்கு மான் வந்தது.