உள்விளிம்பு

வெளியே நின்று பார்த்தால்
டயர் நல்லாத்தான் இருந்தது.
வரி வரியாய்ப் பூ. பக்கவாட்டில் எழுத்து.
ஆலைச் சாலைச் சேறு காய்ந்த திட்டு.

ஹோ கிம் லியோங் நின்று பார்க்கவில்லை.
ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பச் சொல்லி
அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் போட்டு
அதன்மேல் குந்தினார்.
"இங்க வா. உள்ளே பாரு, தங்காச்சி."

உள்விளிம்பில் பூவே இல்லை.
இரண்டு விரல் அகலத்துக்கு வழுக்கை,
அதன் ஓரத்தில் கம்பி
நரைமுடிபோல் நீட்டிக்கொண்டு.
பதினோராயிரம் கிலோமீட்டர்தானே ஓடியது
என்று நான் கேட்டதற்கு
டயர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல்
அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு முறை அலைன்மெண்ட் பார்த்தாயிற்று.
ஈப்போவில் ஒரு கடை, திரையில் எல்லாம் பச்சை, எண்பது ரிங்கிட்.
தெலுக் இந்தானில் ஒரு கடை, அங்கேயும் பச்சை.
புவனேந்திரன் பெட்டியோடு படியிறங்கிய
அந்த வெள்ளிக்கிழமைவரை
எங்கள் வீட்டிலும் பச்சைதான்.

வண்டி அவன் வாங்கியது. ஏழு இருக்கை.
வீடு அவனுக்கு, வண்டி எனக்கு என்று
வழக்கறிஞர் எழுதியபோது
நான் மறுபேச்சுப் பேசவில்லை.
ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஆலைக் கணக்குப் பிரிவுக்கு
ஆறு காலி இருக்கைகளைத்
தினமும் ஏற்றிப்போய் இறக்காமல் கொண்டுவருகிறேன்.

முன்னால் அந்த இரும்புக் கொம்பு,
அதன் நடுவே வின்ச்.
பகாங் காட்டுக்குள் போகப்போகிறேன்,
சேற்றில் சிக்கினால் மரத்தில் கட்டி இழுத்துக்கொள்வேன் என்று
மூவாயிரத்து இருநூறுக்கு மாட்டினான்.
சிக்கியதில்லை. போனதே இல்லை.
வின்ச் கம்பிமேல் கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக்
இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

லியோங் டேப் பிடித்து அளந்தார்.
பின்னால் இருப்பதைவிட முன்னால் மூன்று விரல் பள்ளம்.
"மூக்கு இறங்கிப்போச்சு. இறங்கினா
கால அகட்டிக்கிட்டு நிக்கும். டயர் மேல்பக்கம் உள்ளே சாயும்,
நம்ம தெலுக் இந்தான் கோபுரம் மாதிரி.
கோபுரம் சாஞ்சா ஜனம் போட்டோ எடுக்கும்."
கேம்பர் போல்ட்டு துருவேறிக் கிடக்கிறதாம்.
அதை விட்டுவிட்டு
திருப்ப வந்ததை மட்டும் திருப்பிவிட்டு
காசு வாங்கியிருக்கிறார்கள்.

"ரெண்டு வழி இருக்கு.
கனமான ஸ்பிரிங் போடலாம், தொள்ளாயிரம்.
இல்லேன்னா…"
ஸ்பேனரால் கொம்பைத் தட்டினார்.
ஈயம் பூசாத அண்டா மாதிரி ஒரு சத்தம்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
கடையை ஒட்டிப் போனது.
ஒரு குலை விழுந்து உருண்டு
சாக்கடை ஓரம் நின்றது. யாரும் எடுக்கவில்லை.
ஸ்பிரிங்கைப் பலப்படுத்திச் சுமப்பது எப்படி என்று
எனக்குத் தெரியும். பதினான்கு வருஷம்.
"கழட்டுங்க" என்றேன்.
குரல் கொஞ்சம் பெரிதாய் வந்துவிட்டது போலும்,
உள்ளேயிருந்து ரஃபீக் எட்டிப் பார்த்தான்.

ஒரு போல்ட்டு வரவில்லை. அறுத்தார்கள்.
தொண்ணூற்று நாலு கிலோ.
பழைய இரும்புக் கடையில் கொடுத்தது
அரை டயருக்குக்கூடக் காணாது.
வின்ச்சை மட்டும் லியோங் வைத்துக்கொண்டு
கூலியில் கழித்தார்.
புது டயர் இரண்டு, போல்ட்டு இரண்டு,
பம்பரில் நாலு ஓட்டை மிச்சம்.
இடப்பக்கம் இன்னும் லேசாய் இழுக்கிறது.
ஆயிரம் ஓடட்டும், வா, பார்க்கலாம் என்கிறார்.

மறுநாள் ஆலையில்
லோரிகள் ஓய்ந்த நேரம் பார்த்து
எடைமேடைமேல் வண்டியை ஏற்றினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஷரிஃபா
சிரித்துக்கொண்டே மைக்கில் கத்தினாள்,
ரெண்டாயிரத்து நூற்றுப் பத்து.
உன்னையும் சேர்த்தா?

சேர்த்துத்தான் என்றேன்.
எழுதிக்கொள்.