சும்மா படுத்திருப்பதன் கணக்கு

நீடாமங்கலத்திலிருந்து முதல் பஸ்.
நேற்று ராத்திரி எட்டுக்குப் பிறகு
தண்ணீர் மட்டும்.
அரவை மில்லில் தவிடு கூட்டும் தையல்நாயகி,
பங்கேற்பாளர் முப்பத்தொன்று,
தஞ்சாவூர் ஆய்வுக்கூடத்தில்
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்:
"என்ன வேலை செய்யணும்?"

ஒன்றுமில்லை. படுக்கணும்.
தூங்கக் கூடாது, பேசக் கூடாது,
காலை ஆட்டக் கூடாது.
"சும்மா கெடக்கவா முந்நூறு ரூபா?"
சிரித்தாள்.
அப்புறம் கொஞ்சம் சந்தேகப்பட்டாள்.

அரைமணி ஓய்வுக்குப் பின்
பிளாஸ்டிக் கூண்டை முகத்தின் மேல் இறக்கினேன்.
"பலகாரக் கடையில ஈ மொய்க்காம மூடுவாங்களே,
அது மாதிரி"
என்று சொல்லிவிட்டு,
பேசக் கூடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று.
எடுத்த ஆக்சிஜன், விட்ட கரியமில வாயு.
நடுவே எரிவதை
மெஷின் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதுகிறது.

முதல் ஐந்து நிமிஷம் கணக்கில் சேராது.
மாடிப்படி ஏறிய மூச்சு,
பஸ்ஸில் நின்றே வந்த கால்,
வீட்டில் விட்டுவந்த பையனின் இருமல்,
எல்லாம் வடியட்டும் என்று விடுவோம்.
பிறகு திரையில் கோடு படுத்தது.
அவளும் படுத்திருந்தாள்.
ஈரலும் மூளையும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு
கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தன.
அசையாத தசைகூடச் சும்மா இல்லை,
அதுவும் தின்றது.

நாற்பத்தாறு கிலோ.
நூற்று ஐம்பத்தோரு சென்டிமீட்டர்.
முப்பத்தாறு வயது. பெண்.
சூத்திரத்தில் போட்டால் ஒரு நாளைக்கு
ஆயிரத்து இருநூற்று ஆறு கலோரி.
மெஷின் சொன்னது
ஆயிரத்து நாற்பத்தொன்று.

"கசிவு இருக்கும், பார்"
என்றார் டாக்டர் மெஹருன்னிசா.
பார்த்தேன்.
கூண்டின் துணி விளிம்பைத் தோளடியில் செருகினேன்.
அளவு தெரிந்த வாயுவை விட்டு மெஷினைச் சோதித்தேன்.
மெஷின் சரி.
மறுநாளும் வரச்சொன்னோம். மறுநாளும் முதல் பஸ்.
நடுவில் கரண்ட் போய், திரும்ப ஆரம்பித்து,
ஆயிரத்து முப்பத்தெட்டு.

சூத்திரம் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான்.
நூறு வருஷத்துக்கு முன், பனி விழும் ஊரில்,
படுத்துக்கிடந்தவர்களை அளந்து எழுதினார்கள்.
அந்த உடம்புகளிடம் அது பொய் சொல்லவில்லை.

மேட்டூரில் ஷட்டர் ஏறும் நாளில்
இத்தனை ஆயிரம் கன அடி என்று
பேப்பரில் போடுவார்கள்.
என் அப்பாவுக்கு நிலம் தலைஞாயிறு பக்கம், கடைமடை.
அங்கே வந்த தண்ணீரைக்
கணுக்காலில்தான் அளப்பார்கள்.
பேப்பரைக் காட்டிச் சண்டை போட்டால்
வாய்க்கால் நிரம்பாது.

இரண்டாம் நாள் தலையை முடிந்துகொண்டே கேட்டாள்:
"கொறையுதுன்னு பேசிக்கிறீங்களே,
எனக்கு ஒடம்புல ஏதாச்சும் கோளாறா?"
உனக்கில்லை, சூத்திரத்துக்கு, என்றேன்.
"எவ்வளவு கொறையுது?"
நூற்று அறுபத்து சொச்சம் கலோரி என்றால்
யாருக்குப் புரியும்?
மனசுக்குள் வகுத்துப் பார்த்து,
ஒரு பிடி அரிசி, என்றேன்.

உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.
தவிடு போகாத ரேகை.
பிறகு என் கையைப் பார்த்தாள்.
"யார் பிடி?
என் பிடியா, உங்க பிடியா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
முந்நூறை இரண்டு தடவை எண்ணி,
முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.
பத்தரைக்கு மில்லில் இருக்கணுமாம்.

அன்று சாயங்காலம்
எல்லோரும் போன பிறகு
கூண்டுக்குள் நானே படுத்துப் பார்த்தேன்.
மதியம் சாப்பிட்ட வயிறு, செல்லாது, தெரியும்.
ஏ.சி. முனகியது.
விரல்கள் தாமாக மடங்கி மடங்கிப்
பிடி அளந்தன.
கோடு படுக்கவே இல்லை.
முப்பது நிமிஷமும்
முதல் ஐந்து நிமிஷமாகவே இருந்தது.