ஆள் ஏற்றாத பஸ்

மே மாதக் கோரையாற்றில்
ஆடு மேய்கிறது.
மதகுத் தூணில் பொருத்திய நீர்மட்டக் கருவி
மூன்று வாரமாக ஒரே எண்ணைச் சொல்கிறது:
பூஜ்ஜியம்.
உண்மையைச் சொல்கிறதா
செத்துவிட்டதா
இங்கிருந்து தெரியாது.

இங்கு என்றால் மன்னார்குடி,
உரக்கடை மாடி.
கீழே யூரியா மூட்டை விழும்போதெல்லாம்
மேசை அதிர்கிறது.
அந்தக் கருவியோடு கெர்னல் பேசுவதற்கான டிரைவர்
என் பொறுப்பு.
தண்ணீர் வருமுன் சோதித்தாக வேண்டும்,
தண்ணீர் இல்லாமல்.

ஆகவே பொய்க்கருவி.
பொய்யென்றாலும் ஒரு விலாசம் வேண்டும்.
எந்த பஸ்ஸில் வந்தாய்
என்றுதான் கெர்னல் முதலில் கேட்கும்.
எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்;
பிளாட்பார்ம் பஸ்ஸில் வந்ததாகச் சொல்லச் சொல்லி
அனுப்பிவைத்தேன்.
பதிவு செய், பயன்படுத்து, பதிவை நீக்கு.
சோதனைக்குச் சோதனை அதே பதினோரு வரி,
வெட்டி ஒட்டி.

பதினான்கில் பதின்மூன்று பச்சை.
ஏழாவது மட்டும் பாதியில் விழுந்தது.
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று
சாப்பிடப் போனேன்.
நாகப்பட்டினத்திலிருந்து ஜெசிந்தா எழுதினாள்:
"எட்டு எப்படித் தேறியது?
அதில் கருவியைப் பதிவு செய்யவே மறந்திருக்கிறாய்."

ஏழு விழுந்தபோது
நீக்கும் வரி அதற்கு எட்டவில்லை.
அநாதையாய் நின்ற பொய்க்கருவியை
எட்டு கண்டெடுத்துத்
தன்னுடையது என்று நம்பி
நாலடி தண்ணீர் என்று சாட்சி சொல்லியிருக்கிறது.
பொய் சொன்னதற்காக அல்ல,
சொல்லிவிட்டுப் போகாமல் நின்றதற்காகக்
கோபம் வந்தது.

இரண்டு இரவு.
கரண்ட் போன நேரத்தில்
உரக்கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்.
நடுவே லஸ்கர் வைரக்கண்ணு போன் செய்தார்.
"என்ன தம்பி பண்றீங்க?"
"ஒரு ஃபங்ஷன்ணே, அந்த வேலையிலதான்."
"அடடே, யாருக்குக் காதுகுத்து?"

அது இரண்டே கேள்வி கேட்கும்:
எந்தச் சோதனை? என்ன பெயர்?
டிரைவரையும் கேட்கட்டுமே என்றாள் ஜெசிந்தா.
பத்தில் ஒன்பது பேருக்கு வேண்டாம்,
வேண்டுகிறவருக்கு இன்னொன்று எழுதலாம் என்றேன்.
அரை மணி நேரம் சண்டை.
ஒன்பது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று
அவள் இன்னும் கேட்கிறாள்.

தனியாக ஒரு பஸ் விட்டோம்.
போர்டில் சோதனை ஓட்டம்.
டிப்போவுக்குள்ளேயே சுற்றும், ஆள் ஏற்றாது,
பொய்க்கருவிகள் மட்டும் ஏறலாம்.
சோதனை முடிந்தாலும் சரி
முறிந்தாலும் சரி
மூன்றாம் வரியிலேயே குப்புற விழுந்தாலும் சரி
கடைசியில் கட்டியது முதலில் அவிழும்,
வாங்கிய நினைவகம் திரும்பும்,
பெயர் அழியும்.
நீக்கும் வரியை யாரும் எழுத வேண்டாம்.
எழுதாததை மறக்கவும் முடியாது.

ஓட்டினேன்.
ஏழு சிவப்பு. எட்டும் சிவப்பு.
"இரண்டா? நல்லது,
கீழே போய் ஒரு டீ குடி" என்றாள்.

மேட்டூர் திறந்த பன்னிரண்டாம் நாள்
நுரையும் சருகும் செருப்பு ஒன்றுமாகத்
தண்ணீர் வந்தது.
அதற்குள் பதினான்கும் பச்சை.

"ஸ்கேல்ல ரெண்டடி நிக்குது தம்பி.
உங்க பொட்டி என்னா சொல்லுது?"

ஒன்பதடி.
கரையே ஏழடிதான்.

வெங்காயத்தாமரை.
மதகை அடைத்து, ஒன்றின் மேல் ஒன்றேறி,
கருவியின் கண்ணுக்குக் கீழே
பூவோடு நிற்கிறதாம்.
வைரக்கண்ணு மூங்கில் கழியால் தள்ளத் தள்ள
திரையில் எண் இறங்கியது:
எட்டு, ஐந்தரை, மறுபடி ஆறு,
இரண்டடி ஓரங்குலம்.

என் பொய்களில் ஒன்றுக்குக்கூட
இது தோன்றவில்லை.

போனை வைத்துவிட்டுப்
பதினைந்தாவதைத் தொடங்கினேன்.
எந்தச் சோதனை என்று கேட்டது, சொன்னேன்.
என்ன பெயர் என்று கேட்டது.
தாமரை.