தார்ப்பாய்க்குக் கீழே

கடைசிக் காட்சியில் அவன்
தனியாகக் கடலுக்குள் போகிறான் என்று
பத்திரிகையில் எழுதியிருந்தார்கள்.
தனியாக எங்கே போனான்?
அணியத்தில் நிமிர்ந்து நின்றது அவன்.
பின்னால் தார்ப்பாய்க்கு அடியில்
மடியும் கயிறும் மேலே கிடக்க
எஞ்சின் கைப்பிடியைப் பிடித்துப் படுத்திருந்தது நான்.

அதற்குமுன் இரண்டு முடிவு எடுத்தார்கள்.
கடியபட்டணம் பாறையில் கத்திக்குத்து பட்டுச் செத்தான்.
சாய ரத்தம் கழுவ
எங்கள் வீட்டுக் குடிதண்ணீர் இரண்டு குடம் போனது.
மறுநாள் காதலி ஓடி வந்தாள்.
செருப்பு மணலில் புதைந்து
அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.
மூன்றாம் நாள் டைரக்டர் தம்பி என்னிடம் கேட்டார்:
'கண்ணுக்கு மறையிறது வரைக்கும் போவ
எவ்வளவு மண்ணெண்ணெய் வேணும்?'
'போவ மட்டுமா, வரவுமா?'
அவர் பதில் சொல்லவில்லை.
நான் இரண்டுக்கும் ஊற்றிக்கொண்டேன்.

தார்ப்பாயில் ஒரு ஓட்டை.
அதன் வழியே எனக்குத் தெரிந்தது கரை மட்டும்.
முட்டம் விளக்கையும் கோயில் கோபுரத்தையும்
கணிச்சம் வைத்து ஓட்டினேன்.
படத்தில் அவன் புள்ளியாகிறான்.
என் ஓட்டையில்
கேமராவும் குடையும் டைரக்டரும் புள்ளியானார்கள்.

கட் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை.
நின்ற நிலையிலேயே, உதடு அசையாமல் கேட்டான்:
'கிளீட்டஸ் அண்ணே, முடிஞ்சிருக்குமா?'
'எனக்கு எப்பிடித் தெரியும்.'
இன்னும் கொஞ்சம் போனோம்.
கச்சான் ஏறியது. வள்ளம் ஆட
அணியத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.
முடிவு அதுதான் என்று நான் திருப்பினேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
என் தூக்குச்சட்டியில் மரச்சீனியும் சாளையும்.
கையைக் கடலில் நனைத்துவிட்டுத் தின்றான்.
'இவன் எங்க போவாம்ண்ணே?'
'யாரு?'
'இந்தக் கதையில உள்ளவன்.'
'இந்த நீவாட்டுல விட்டா
விடியதுக்குள்ள குளச்சல்ல கொண்டு போட்டுரும்.'
'அங்க?'
'எறங்கி ஒரு சாயா குடிக்கணும், வேற என்ன.'
அவன் சிரித்த சிரிப்பு
படத்தில் எங்குமே இல்லை.

நாகர்கோவில் தியேட்டரில் பார்த்தோம்.
எஞ்சின் சத்தத்தை எடுத்துவிட்டு வயலின் போட்டிருந்தார்கள்.
முன்வரிசையில் ஒருத்தி மூக்கு சிந்தினாள்.
எமல்டா என் காதில்,
'தார்ப்பாய் மூச்சு விடுது பாருங்க' என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.
மூன்று லிட்டர் மிச்சத்தோடு திரும்பி வந்தவன் நான்,
எனக்கே தொண்டை அடைத்தது.

திங்கள்சந்தையில் பஸ் மாறும்போது கேட்டாள்:
'அவன் திரும்பி வந்திருக்கலாம்லா?'
'வந்தாம்லா. நாந்தான கொண்டு வந்தேன்.'
'படத்துல கேட்டேன்.'

கடைசி பஸ் வந்தது.
அவளுக்கு இடம் கிடைத்தது.
நான் கம்பியைப் பிடித்து
நின்றுகொண்டே வந்தேன்.