நாற்பத்தோராவது வரி

லாரி திரும்பிப் போய்
நாலு மணி நேரம் ஆகியிருந்தது.
கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இப்பால்
குத்தகைத் தோப்பில் எழுபது மூட்டைகள்.
தென்னம்பாத்திகளில்
எரு இறக்குவது போலப் பார்த்துப் பார்த்து
இறக்கியிருந்தார்கள்.

"பசியாறிட்டீங்களா?" என்றேன்.
எங்கள் கிள்ளானில் காலை வணக்கம் அதுதான்.
லோகநாதன் மூக்கில் கட்டிய துண்டை இறக்கி
"இந்த நாத்தத்துலயா அம்மிணி?" என்றார்.

மூட்டையை அவிழ்க்கவேண்டும்.
முகவரி தேடவேண்டும்.
மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது,
கல்யாணப் பத்திரிகை, எது கிடைத்தாலும் சரி.
பேர் இருந்தா கேஸு,
பேர் இல்லேன்னா வெறும் குப்பை
என்று தாலுகா ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இது பழகிய வேலை.
செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால்
பூட்டிய கொட்டகையில் இரவெல்லாம் எரித்து,
என் தம்பி இருமி இருமிப் பரீட்சை எழுதிய வருடம்
வேலி ஏறிக் குதித்துப்
பிளாஸ்டிக் உறைகளைப் புரட்டியிருக்கிறேன்.
வாசிக்கத் தெரியாத மொழியில் பால் பெட்டி.
எங்கோ இருக்கும் நாய்க்கு வாங்கிய தீனி.
என் பாட்டனை
ஏழு நாள் நிறுத்திவைத்துச் சோதித்த துறைமுகம்
அந்தக் கொள்கலன்களை
ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை.

ரம்லத் சித்தூர்க்காரி.
மலையாளத்தை அவள் வாசிக்க
நான் தமிழில் எழுதுவேன்.
நடுவில் அவளுக்கு ஒரு போன் வந்தது.
சொந்த ஊரைக் காட்டிக்கொடுக்கிறாயாமே
என்று யாரோ கத்துவது எனக்கும் கேட்டது.
காற்றுக்கு எல்லை உண்டா என்றெல்லாம்
அவள் திருப்பிக் கேட்கவில்லை.
போனை அணைத்தாள்.
அடுத்த முடிச்சைப் பல்லால் கடிக்கப்போய்
சட்டென்று நிறுத்திக் கத்தரிக்கோல் கேட்டாள்.

38. சரசம்மா, ஆலுவா. கடைவாய்ப்பல், வேர் சிகிச்சை.
39. பேக்கரிக்கு மைதா இறக்கிய பில்.
40. அத்வைத், எல்.கே.ஜி.
ஏழை எல்லாம் திருப்பிப்போட்டு எழுதியிருக்கிறான்.
டீச்சர் அதற்கும் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறாள்.

அடுத்ததை ரம்லத் வாசிக்கவில்லை.
கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளைப் பட்டை, ஓரத்தில் இன்னும் பசை.
நெடும்பாசேரி விடுதியறையில்
பெட்டியின் கைப்பிடியிலிருந்து நானே கிழித்து,
காலால் மிதித்தால் திறக்கும் அழகான தொட்டியில்
மூன்று தண்ணீர்ப் போத்தல்களோடு போட்டது.
கோலாலம்பூரிலிருந்து கொச்சி.
முனியாண்டி / திலகேஸ்
இடம் போதவில்லை என்று
இயந்திரம் 'வரி'யை விட்டுவிட்டிருந்தது.

"இத விட்டுருலாம் அம்மிணி.
எழுவது மூட்டைல ஒரு சீட்டு" என்றார் லோகநாதன்.
நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார்.

சரசம்மாவும் தொட்டியில்தான் போட்டிருப்பார்.
வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்குப் போனவருக்கு
லாரியைப் பற்றி என்ன தெரியும்?
அவர் பேரை எழுதும்போது
என் கை நிற்கவில்லையே.

எழுதினேன்.
விட்டுப்போன இரண்டு எழுத்தையும் சேர்த்து.

திங்கட்கிழமை, தாலுகா ஆபீஸ்.
பட்டியலில் விரல் வைத்து இறங்கிய எழுத்தர்
நாற்பத்தொன்றில் நின்றார்.
"இது யாரு? விலாசம் இல்லியே."
"நான்தான் சார்."
மின்விசிறிக்குப் பறந்த தாளை
முழங்கையால் அழுத்திக்கொண்டு
நிமிர்ந்து பார்த்தார்.
மூன்று வாரமாக நின்றே பேசிய எனக்கு
முதல்முறையாக நாற்காலியைக் காட்டினார்.

"பாஸ்போர்ட் கையில வெச்சிருக்கீங்களா?"

சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியை
தரை கிறீச்சிட இழுத்து வந்து
என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள் ரம்லத்.
அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.