தரணும்

என் பெயர் தரன்னும்.
மூன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது
கிளார்க் இரண்டு முறை கேட்டுவிட்டு
'தரணும்' என்று எழுதினார்.
"என்னத்த அம்மணி தரோணும்?" என்று
தானே சிரித்தும் கொண்டார்.
அன்று முதல் வருகைப் பதிவேட்டில்
நான் யாரோ யாருக்கோ வைத்த பாக்கி.

மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே போனால்
பதினொரு லைன் வீடுகளில் ஏழாவது.
கட்டிஹாரிலிருந்து மூன்று நாள் ரயில், அப்போது எனக்கு எட்டு வயது.
அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிள்.
அம்மி வாசல் தாண்டி வேலைக்குப் போகக் கூடாது,
அதனால் வேலை வாசல் தாண்டி வரும்:
பிசிறு வெட்ட மூட்டை மூட்டையாய் டீ சர்ட்,
பீசுக்கு நாற்பது பைசா.
எந்தக் குளிர்நாட்டிலோ எவளோ போடப்போகிற
கையில்லாச் சட்டைகளை
நான் தோளில் வைத்துப் பார்ப்பதில்லை.
ஒரு தடவை பார்த்தேன்.
கரண்ட் போயிருந்தது.

வீட்டில் ரோஜா என்றால் நோன்பு.
பள்ளிக்கூடத்தில் ரோஜா என்றால் ரோஜா.
மாதத்தின் அந்த ஐந்து நாள் எனக்கு நோன்பில்லை,
ஆனாலும் தம்பிக்குத் தெரியக் கூடாதென்று
சஹருக்கு எழுந்து அவனோடு உட்கார்ந்து
மதியம் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்று
ஒரு வர்க்கியைச் சத்தமில்லாமல் மெல்லுவேன்.
வர்க்கியைச் சத்தமில்லாமல் மெல்ல முடியாது.
ஊறவைத்து விழுங்க வேண்டும்.

ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் சென்னியப்பன் வருவார்.
"உங்கொப்பங்கிட்டச் சொல்லு கண்ணு,
கரண்டுக் காசு தனியாத் தரோணும்."
அப்பா உருதுவில் அவர் பரம்பரையையே இழுப்பார்.
நான் "சரிங்களாமுங்க" என்பேன்.
ரேசன் கடை, பிரசவ ஆஸ்பத்திரி, கேஸ் ஏஜென்சி
எல்லா இடத்திலும் நான் நடுவில்,
கறுப்புக்குள் வேர்த்துக்கொண்டு.
போன வருஷம் ஸ்டேசனில் ஆதாரை நீட்டியபோது
"எந்த ஊருடா நீ?" என்றார் ஏட்டு.
அப்பாவுக்கு அதை மாற்றிச் சொல்கையில்
ஊரைச் சொன்னேன்.
'டா'வை விட்டுவிட்டேன்.

கோபம் வந்தால் எனக்கு
"அட, போங்" என்றுதான் வருகிறது.
அம்மி வாயிலேயே போடுவாள்.
கனவில் அம்மியும் தமிழ் பேசுகிறாள், நன்றாகவே.

பத்தாவது ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரி
ஊரிலிருந்து காலாவின் போன்.
பையன் சூரத்தில் இருக்கிறானாம், கெட்ட பழக்கம் இல்லையாம்,
பெண்ணைத் தர வேண்டுமாம்.
எந்த மொழியில் கேட்டாலும்
அது என் பெயர்தான்.

டி.சி. வாங்கப் போனோம்.
பூங்கோதை மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"நானூத்தி முப்பத்தேழுங்க.
மேல படிக்க வெக்கோணும் இவள.
உங்கப்பாகிட்டச் சொல்லு தரணும்."
சொன்னேன், ஒரு எழுத்து விடாமல்.
அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உருதுவில் சொன்னார்:
"ஈதுக்கு அப்புறம் நிக்காஹ். காகிதத்தைக் கொடுக்கச் சொல்."
நான் மிஸ்ஸைப் பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்றாராமுங்க மிஸ்."

ஃபேன் மட்டும் கடகடவென்றது.
சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனாவை
அப்பா மூடி, திரும்பப் பையில் குத்தினார்.

நொய்யல் பாலம் வரை ஒன்றும் பேசவில்லை.
கீழே சாக்கடை நாற்றத்தில் நுரை போய்க்கொண்டிருந்தது.
ஒரு மினி பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது
அப்பா தமிழில் சொன்னார்,
கட்டிங் டேபிளில் பத்து வருஷம் பொறுக்கிய தமிழில்:
"ஸ்டேசன்லே அந்த ஆள் டா சொல்லுச்சு.
நீ சொல்லலே.
எனக்குத் தெரியும்."

பஸ் போய்விட்டது.
அவர் முன்னே நடந்தார்.
'அப்பா' என்று கூப்பிட்டேன்.
எங்கள் வீட்டிலும் வெளியிலும் அந்த ஒரு சொல்தான்
மாற்றிச் சொல்லத் தேவையில்லாதது.
அவர் திரும்பவில்லை,
நடையை மட்டும் குறைத்தார்.